பதம் பார்த்த சோறு

“நாலாம் மண்டலத்தை மூடக் கூடாது. அங்கதான் எங்க வீடு இருக்கு.”

சங்கவி கேட்டேவிட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று வேலையில் சேர்ந்த அன்று அம்மா பஞ்சவர்ணம் வாசலில் நிறுத்திச் சொல்லியனுப்பினாளோ, அதையே. “அந்த ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டு நம்ம தெருவுக்குன்னு எதையும் கேட்டுறாத. கேட்ட நிமிஷமே நீ தெருக்காரி ஆயிருவ. இப்ப நீ இஞ்சினியரு.” மேற்பொறியாளர் தாமோதரனும் அதையேதான் கொஞ்சம் படித்த தமிழில் சொல்லியிருந்தார். “சம்பளம் கேளு, லீவு கேளு, என்னைத் திட்டணும்னாகூடத் திட்டிக்க. சொந்தப் பகுதிக்காக மட்டும் வாயைத் திறந்துடாதம்மா. பெரியவர் குறிச்சு வச்சுக்குவார்.”

பெரியவர் குறித்து வைத்துக்கொண்டார்.

“சொந்த நலன் சார்ந்த கோரிக்கை,” என்றது கூரையிலிருந்து குரல், ரயில் தாமதத்தை அறிவிக்கிற மாதிரி. “இளநிலைப் பொறியாளர் சங்கவி. பதிவு செய்யப்பட்டது. பரிசீலிக்கப்படாது.”

பெரியவர் மனிதர் இல்லை. ஆனைமடை மாநகரக் குடிநீர் வாரியத்தின் கணிப்பு இயந்திரம். அரசாணையில் அதற்கு ஒரு முழ நீளத்துக்குப் பெயர் உண்டு. அதை யாரும் சொல்வதில்லை. முன்பெல்லாம் வறட்சி வந்தால் எந்தப் பகுதிக்குத் தண்ணீரைக் குறைப்பது என்று கவுன்சிலர்கள் கூடிப் பேசுவார்கள். பேசுவார்கள் என்றால், எவன் குரல் பெரிதோ அவன் பகுதிக்குத் தண்ணீர் போகும். ஒரு கோடையில் நீரேற்று நிலையத்து வாசலிலேயே அரிவாள் விழுந்தது. இதில் இனி மனிதன் கையே வைக்க வேண்டாம் என்று சட்டம் வந்தது. வழிகளைத் தராசில் வைப்பதும் நிறுப்பதும் எடுப்பதும் பெரியவர். சாட்சிக்கு மட்டும் மூன்று மனிதர்கள்.

அந்த மூன்று பேரையும் ஓட்டு எண்ணுகிற அறையில் பூட்டுகிற மாதிரி ஆறாவது மாடியில் வைத்துப் பூட்டிவிடுவார்கள். போனை வெளியிலேயே வாங்கிக்கொள்வார்கள். சாயங்காலம் ஐந்து மணிக்கு முடிவு ஊருக்கு அறிவிக்கப்படும் வரை கதவு திறக்காது. எந்த இடத்தை மூடப்போகிறார்கள் என்று முன்கூட்டியே கசிந்தால் அந்தப் பகுதிக்காரர்கள் மோட்டாரைப் போட்டு உறிஞ்சிவிடுவார்களாம். ஜன்னல் இருந்தது. திறக்காத ஜன்னல். கண்ணாடிக்கு அப்பால் ஏரி. ஏரி என்று இப்போதும் பெயர்தான், கண்ணுக்குத் தெரிந்தது வெடித்த சேறும் அதன் நடுவில் நாலு எருமை படுத்திருந்த ஒரு குட்டையும்.

“கேட்டுட்டியா தாயி,” என்றார் ஆவுடையப்பன். மூன்றாவது சாட்சி அவர்தான், நிதிப்பிரிவு. கூடிய சீக்கிரம் ஓய்வு பெறப் போகிறவர். எலுமிச்சம்பழச் சாதப் பொட்டலத்தை அப்போதுதான் பிரித்திருந்தார். “கேக்கறதுதான் கேட்ட, சாப்பிட்ட பிறகு கேட்டிருக்கலாம். இனிமே உனக்கும் இறங்காது, எங்களுக்கும் இறங்காது.”

“நான் வெளிய போகணும் சார்.”

“இந்தக் கதவு ரெண்டு பேருக்குத்தான் திறக்கும். மாரடைப்பு வந்தவனுக்கு, வேலையை விட்டவனுக்கு. ரெண்டாவது ஆளு இதுவரைக்கும் வந்ததில்ல. முதலாவது வேணா என் புண்ணியத்துல இன்னிக்கு நடக்கலாம்.”

வேலையை விடுகிறவர் கை பதிப்பதற்கென்று கதவருகே உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பலகை மினுங்கியது. சங்கவி அதைப் பார்த்தாள். பிறகு திரையைப் பார்த்தாள். திரையில் நாலாம் மண்டலம் சிவப்பாக இருந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் உள்ள அத்தனை தெருவும், ஊரில் ஏழில் ஒரு பங்கு ஜனமும் அந்தச் சிவப்புக்குள். மழை வரும் வரை குழாய் அடைப்பு. லாரியில் ஆளுக்குக் குடம் அளந்து ஊற்றுவார்கள். போன வறட்சிக்கும் இதே நாலாம் மண்டலம்தான். அதற்கு முந்தினதுக்கும் இதேதான். அப்போதெல்லாம் தலையெழுத்து என்றார்கள். தலையெழுத்து எந்த மாடியில் உட்கார்ந்து எழுதப்படுகிறது என்று இன்றைக்குத்தான் அவள் நேரில் பார்க்கிறாள்.

காலையில் நஸ்ரின் தெருக்குழாயடியில் கேட்டாள். எதிர்வீட்டு நஸ்ரின். ஏழு மாத வயிற்றைத் தூக்கிக்கொண்டு குடத்தை இடுப்பில் ஏற்ற முடியாமல் குழாய் மேடையில் வைத்துவிட்டு நின்றவள். “உங்காபீஸு இந்தத் தடவையாச்சும் நம்மள விட்டுருமாடி?”

“தெரியாதுடி. பெட்டியைத் திறந்தாத்தான் தெரியும்.”

“தெரிஞ்சாலும் சொல்ல மாட்ட. நல்லவ.” சிரித்தாள். கேலிதான், குத்தல் இல்லை. நஸ்ரினுக்குக் குத்தத் தெரியாது. அதுதான் சங்கவிக்கு அவள்மேல் உள்ள கோபம்.

“கோரிக்கை இல்லை. கேள்வி கேக்கலாமா?” கூரையைப் பார்த்துக் கேட்டாள்.

“கேள்விகளுக்குத் தடை இல்லை.”

“மொத்தம் எத்தனை வழி பாத்தீங்க? எதை எதுக்காகத் தள்ளினீங்க?”

பெரியவருக்கு மறைக்கத் தெரியாது. கேட்டால் சொல்வார். குழாய்க் கசிவுகளை அடைத்தால் நிறைய மிஞ்சும், ஆனால் தோண்டி முடிப்பதற்குள் மழைக்காலம் வந்துவிடும். கடல்நீரைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் குழாய் பாதி வழியில் நிற்கிறது. ஆற்றுப்படுகையில் புது ஆழ்துளை போட்டால் உப்பு. வெளியூரிலிருந்து லாரியில் வாங்கினால் கட்டுப்படியாகாது. தொழிற்பேட்டைக்குக் கழிவுநீரைச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டு நல்ல தண்ணீரை ஊருக்குத் திருப்பலாம், ஆனால் ஒப்பந்தப்படி அவர்கள் சம்மதிக்க வேண்டும். சம்மதிக்கவில்லை.

“எஞ்சியவை இரண்டு. ஊர் முழுவதற்கும் வாரத்தில் ஒரு நாள் நீர் நிறுத்தம். அல்லது ஒரு மண்டலத்துக்கு மழை வரும் வரை முழு நிறுத்தம். இரண்டிலும் மிஞ்சும் நீர் சமம். இரண்டிலும் செலவு குறைவு. வலி மதிப்பில் மட்டும் வேறுபாடு. ஊர் முழுவதற்குமான நிறுத்தத்தில் எல்லோருக்கும் சிறிது வலிக்கும். கூட்டினால் பெரிய எண். நாலாம் மண்டலத்தை மூடினால் வலி ஏறக்குறைய இல்லை.”

“ஏறக்குறைய இல்லையா,” என்றாள் சங்கவி.

“இல்லை.”

தாமோதரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. நேர்முகத் தேர்வில் மற்ற இருவரும் அவளுடைய இங்கிலீஷைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியபோது, “பம்பு இங்கிலீஷ்லயா ஓடுது?” என்று கேட்டு அவளை எடுத்தவர்.

“இதெல்லாம் கிளாஸ்ல சொல்லித் தந்திருக்க மாட்டாங்க,” என்றார். “ஒவ்வொரு வழிக்கும் நாலு கேள்வி. எவ்வளவு தண்ணி மிஞ்சும், எவ்வளவு செலவு, எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு வலி. முதல் மூணு சுலபம். நாலாவதுக்கு ஜனங்களைப் போய்க் கேட்டா, எனக்குத்தான் ரொம்ப வலிக்குதுன்னு எல்லாரும் சொல்லுவாங்க. குரல் பெரிசா இருக்கிறவன் இன்னும் பெரிசாச் சொல்லுவான். மறுபடி அரிவாள்தான். அதனால வாயால சொல்றது கணக்குல கிடையாது. அளந்ததுதான் கணக்கு.”

“எதை அளந்தாங்க?”

பதில் ஆவுடையப்பனிடமிருந்து வந்தது. “ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். பெரியவரை ஓட விடறதுக்கு முந்தி மண்டலத்துக்கு ஒரு வீடு பிடிச்சு, தொட்டிக்குள்ள தண்ணி மட்டம் அளக்க மிதவை போட்டு, கோடை முழுக்க அந்தத் தெருக் குழாயையே அடைச்சுப் பாத்தாங்க. தொட்டி காயுதா, பிள்ளைக பள்ளிக்கூடம் போகுதா, ஆஸ்பத்திரிக்கு ஓடறாங்களான்னு. அதுக்கப்புறமும் விடல. அந்தக் குடும்பம் மேல போச்சா கீழ போச்சான்னு இன்னிக்கு வரைக்கும் பெரியவர் ஒரு கண்ணு வச்சிருக்காரு. இஞ்சினியருங்க மண்டலத்துக்கு ஐம்பது வீடுன்னு எழுதிக் கொடுத்தாங்க. நிதிப்பிரிவு, ஒண்ணு போதும்னுடுச்சு.”

“நிதிப்பிரிவுல யாரு?”

“அதைக் கேக்காத தாயி. சோறு இறங்காதுன்னு ஏற்கெனவே சொல்லிட்டேன்.”

மிதவை. சங்கவி கூரைப் பக்கம் திரும்பினாள்.

“நாலாம் மண்டலத்து மாதிரி வீடு எது?”

“பெயர் மறைக்கப்பட்டுள்ளது. செல்லியம்மன் கோயில் மூன்றாம் தெரு. குழாய் அடைக்கப்பட்ட பிறகும் அந்த வீட்டுத் தொட்டி ஒரு நாளும் காயவில்லை. வீட்டிலிருந்த மாணவி அந்த ஆண்டே பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளியில் முதலிடம். பிறகு பொறியியல் பட்டம். பிறகு நிரந்தர வேலை. நீர் நிறுத்தத்தால் நீண்டகாலப் பாதிப்பு காணப்படவில்லை. ஒவ்வொரு படி உயர்விலும் மண்டலத்தின் வலி மதிப்பு குறைக்கப்பட்டது.”

ஆவுடையப்பன் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்த விரல்களை எடுத்துவிட்டார்.

அவள் உருப்பட்டாள். அதனால் அவர்களுக்கு வலிக்கவில்லை. அவ்வளவுதான் கணக்கு.

அந்த மிதவையை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். ஆரஞ்சுப் பழம் அளவில், ஆரஞ்சு நிறத்தில். வாரியத்து ஆட்கள் இரண்டு பேர் வந்து அவர்கள் வீட்டுச் சிமெண்டுத் தொட்டியில் மிதக்க விட்டுவிட்டு, “இதுல கை வைக்காதீங்க, ஜெயிலு” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். எதற்கு என்று சொல்லவில்லை. தெருவுக்குத் தெரிந்ததெல்லாம், அரசாங்கம் இந்த வீட்டைப் பார்க்கிறது என்பது மட்டும்தான்.

மூன்றாம் தெருவில் குடம் வரிசைக்கு ஒரு முறை உண்டு. சாவு வீடு, பிள்ளைத்தாச்சி வீடு, பரீட்சை வீடு, இந்த மூன்றுக்கும்தான் முதல் குடம். மற்ற வீடெல்லாம் பிறகு. சண்டை போட்டுக்கொள்ள மாட்டார்கள். எதிர்வீட்டுக் கதீஜாம்மா குழாயடியில் நின்று ஒரு பார்வை பார்த்தால் வரிசை தானாக நேராகும். அந்த வருஷம் பஞ்சவர்ணம் வீடு பரீட்சை வீடு. கூடவே அரசாங்கம் பார்க்கிற வீடு. கதீஜாம்மா தெருவைக் கூட்டிச் சொன்னாள்: “விருந்தாளி உக்கார்ற இலையில குறை தெரியலாமா? தெருவுக்கே அசிங்கம். பஞ்சவர்ணம் வீட்டுத் தொட்டி காயக் கூடாது.”

காயவில்லை. தண்டவாளத்தைத் தாண்டி, பழைய செங்கல் சூளைக் கிணற்றிலிருந்து பெண்கள் சுமந்து வந்த தண்ணீரில் முதல் நடை எப்போதும் அந்தத் தொட்டிக்குத்தான். பிறகுதான் தங்கள் அடுப்புக்கு. ஒருத்தி வீட்டில் இரண்டு நாள் பாத்திரம் கழுவாமல் கிடந்தது. ஒருத்தி வீட்டில் கைக்குழந்தைக்கு உடம்பெல்லாம் சிரங்கு. மிதவை மிதந்துகொண்டிருந்தது. அளக்க வந்தவனுக்குக் காலிக் குடத்தைக் காட்டலாம் என்று அந்தத் தெருவில் ஒருத்திக்கும் தோன்றவில்லை. அப்படித் தோன்றியிருந்தால் அது அந்தத் தெருவே இல்லை.

சுமந்தவர்களில் நஸ்ரினும் ஒருத்தி. சங்கவிக்கு ஒரு வகுப்பு கீழே. கணக்கில் சங்கவியைவிடக் கெட்டிக்காரி. தினமும் இரண்டு நடை, சில நாள் மூன்று நடை. பள்ளிக்கூடத்தில் பெயரை அடித்துவிட்டார்கள். “ரெண்டு பேரும் படிச்சா யாருடி சுமக்கறது? ரெண்டு பேரும் சுமந்தா யாருடி படிக்கறது?” என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தொட்டியில் கவிழ்த்துவிட்டுப் போனாள். இப்போது பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிறாள். அவள் வீட்டுத் தொட்டியில் மிதவை இல்லை. அவள் பெரியவருடைய கணக்கிலேயே இல்லை.

சங்கவிக்கு வேலை கிடைத்தபோது தெருமுனையில் ஃபிளக்ஸ் வைத்தார்கள். ‘எங்கள் தெருவின் முதல் பொறியாளர்.’ காசு போட்டது தெரு, படம் எடுத்தது நஸ்ரின். இன்னும் கிழியாமல் வெளுத்துப்போய்க் கிடக்கிறது. அடைப்புக்கு அத்தாட்சியைத் தெருவே காசு போட்டு ஒட்டி வைத்திருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது.

“அது நீதானா,” என்றார் தாமோதரன் மெதுவாக.

“அந்தத் தொட்டியில சார்...”

“இரு.” அவர் கையைத் தூக்கினார். குரல் ஒரேயடியாக மாறிவிட்டது. “பெரியவருக்கு என்னிடமிருந்து ஒரு பொதுக் கேள்வி. எந்த வீட்டையும் குறித்து அல்ல. ஒரு மாதிரி வீட்டில் மிதவையை ஏமாற்றும்படி வெளியிலிருந்து தண்ணீர் ஊற்றியதாகத் தெரியவந்தால் என்ன நடக்கும்?”

“அளவுக் கருவி மோசடி. உடந்தையாக இருந்த வீடுகளின் இணைப்பு நிரந்தரமாகத் துண்டிக்கப்படும். தூண்டியவருக்குச் சிறை. மாதிரி வீடு பட்டியலிலிருந்து நீக்கப்படும்.”

“நீக்கிய பிறகு அந்த மண்டலத்தின் வலி?”

“அளவு இல்லாத இடத்தில் வலி பூஜ்யம் எனக் கொள்ளப்படும்.”

தாமோதரன் சங்கவியைப் பார்த்தார். புரிந்ததா என்கிற பார்வை. புரிந்தது. உண்மையைச் சொன்னால் கதீஜாம்மாவுக்கு ஜெயில், தெருவுக்கு நிரந்தரமாகத் தண்ணீர் இல்லை, மண்டலத்துக்கு வலியே இல்லை. சொல்லாவிட்டால் மழை வரும் வரை தண்ணீர் இல்லை. எலிப்பொறியில்கூட ஒரு பக்கம் திறந்திருக்கும்.

“ஒரு பொம்பளை ஏழு மாசம் சார்,” என்றாள் சங்கவி. “பிள்ளைத்தாச்சி வீட்டுக்கு முதல் குடம்னு எங்க தெருவுல ஒரு முறை இருக்கு. குழாயை அடைச்சா முதல் குடம் எது, ரெண்டாவது குடம் எது? போன அடைப்புல அவளுக்கு ஒண்ணு கலைஞ்சுது. தெருவே தடுத்தும் கேக்காம சூளைக் கிணத்துக்குப் போனா. அதுவும் பெரியவருக்குத் தெரியாது. அவ வீட்டுல மிதவை இல்ல.”

“தெரியும்மா.”

“உங்களுக்கு என்ன சார் தெரியும்? உங்க பகுதியில வாரத்துல ஒரு நாள் தண்ணி வரலைன்னா மேல் டேங்க்ல மூணு நாளைக்கு இருக்கும். அதுக்குப் பேரு வலி. இதுக்குப் பேரு ஒண்ணுமில்ல.”

“என்னைக் கேட்டா நானும் உன் கட்சிதான். ஆனா என்னை யாரு கேக்கறா? நான் சாட்சி. நடந்துச்சுன்னு கை வைக்க மட்டும்தான் எனக்கு உரிமை. எங்கப்பா காலத்துல சீஃப் இஞ்சினியர்னா வால்வைத் திருகறதுக்கு அவர் சொல்லணும். இப்ப...” ஜன்னலைப் பார்த்தார். “கை சுத்தமா இருக்கு. அதுதான் மிச்சம்.”

“சுத்தமா கழுவிக்கிட்டீங்க. தண்ணிதான் எங்களுது.”

ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார். சுவர்க் கடிகாரத்தில் மணி நாலைத் தாண்டியிருந்தது.

சங்கவி எழுந்து நடந்தாள். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. குட்டையில் எருமைகள் அசையவில்லை. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கூரைகள் வெயிலில் நடுங்கின. அம்மா இந்நேரம் மாவாட்டிக்கொண்டிருப்பாள். தெருவுக்கே இட்லி மாவு பஞ்சவர்ணம் வீட்டில்தான். போன அடைப்பில் கிரைண்டரைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாள், செத்தவர்களை மூடுகிற மாதிரி. அதற்கப்புறம் மகள் சம்பளம் வந்தது. அம்மாவுக்குச் சேலையில் கஞ்சி மடிப்பு வந்தது. கடன்காரர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுவது நின்று, ‘இஞ்சினியர் அம்மா’ என்றார்கள்.

பெரியவர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சட்டென்று நின்றாள். தாமோதரன் இப்போது என்ன செய்தார்? கேட்க வேண்டியதை, யாரையும் குறிக்காமல், பொதுவாகக் கேட்டார்.

“எனக்கும் ஒரு பொதுக் கேள்வி இருக்கு,” என்றாள். “எந்த வீட்டையும் குறிச்சு இல்ல. மாதிரி வீட்டுல மாசச் சம்பளம் வாங்கறது ஒரே ஆளு. அந்த ஆளுக்கு வேலை போச்சுன்னா வலி மாறுமா?”

“மாறும். குடும்பம் கீழே இறங்குவது நீண்டகாலப் பாதிப்பு.”

“ஏன் போச்சுன்னு கேப்பீங்களா?”

“காரணம் கணக்கில் இல்லை. விளைவு மட்டுமே.”

“நாலாம் மண்டலத்துல அப்படி ஆனா? இன்னிக்கே, அஞ்சு மணிக்குள்ள?”

இயந்திரத்துக்கு யோசிக்க நேரம் தேவையில்லை. பதில் உடனே வந்தது.

“வேலைவாய்ப்புப் பதிவுகள் தாமாகவே புதுப்பிக்கப்படுகின்றன. அவ்வாறானால் நாலாம் மண்டலத்தை மூடுவது வரிசையில் கீழே போகும். மற்ற எந்த மண்டலத்தை மூடினாலும் வலி அதிகம். ஆகவே ஊர் முழுவதற்கும் வாரத்தில் ஒரு நாள் நீர் நிறுத்தம் முதலிடம் பெறும்.”

ஊர் முழுவதற்கும். மூன்றாம் தெரு தனக்குள் செய்துகொள்வதை, ஊர் மொத்தமும் வாரத்தில் ஒரே ஒரு நாள் செய்துகொள்ள வேண்டும். அவ்வளவுதான் கேட்டது.

தாமோதரன் எழுந்தேவிட்டார். “சங்கவி. வேண்டாம்.”

“நான் ஒண்ணும் சொல்லலையே சார்.”

“உன் மூஞ்சியைப் பாத்தாத் தெரியாதா? உக்காரு. கேளு. நீ இப்பப் போயிட்டு அடுத்த மாசம் வேற எங்கயாவது சேர்ந்தேன்னு வச்சுக்க...” கூரையைப் பார்த்தார். “பெரியவரே, அந்த வீட்டில் வருமானம் மறுபடி வந்துவிட்டால்?”

“வரிசை மறுபடி மாறும். அன்றே.”

“பாத்தியா. அடுத்த வறட்சியிலும் இதே கதைதான். மழை வர்ற வரைக்கும் நீ தலையெடுக்கக் கூடாது. தலையெடுத்தா உன் தெரு காயும். ஒரு டியூஷன்கூட எடுக்க முடியாது. இதெல்லாம் நடக்கிற காரியமா? உங்கம்மா மாவாட்டி உன்னைப் படிக்க வச்சது இதுக்கா?”

“எங்கம்மா மட்டும் படிக்க வைக்கல சார். அதுதான் விஷயம்.”

“நீ உள்ள இருந்தாத்தாம்மா மாத்த முடியும். அஞ்சு வருஷம், பத்து வருஷம். என் நாற்காலிக்கு வா. மண்டலத்துக்கு ஐம்பது வீடுன்னு எழுது. நான் துணைக்கு நிக்கிறேன்.”

நல்ல யோசனைதான். நல்ல மனிதர்கள் எப்போதும் நல்ல யோசனைதான் சொல்கிறார்கள். பத்து வருஷம் கழித்து. அதுவரைக்கும் யார் சுமப்பது என்று மட்டும் சொல்ல மாட்டார்கள்.

“நஸ்ரினுக்குப் பிரசவம் ரெண்டு மாசத்துல சார்.”

தாமோதரன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

ஆவுடையப்பன் சாதப் பொட்டலத்தை மடித்து ரப்பர் பேண்டு போட்டார். அதை அவள் பக்கம் நகர்த்தினார். “கீழ காவல்காரன் ரூம்ல அஞ்சு மணி வரைக்கும் உக்கார வச்சுருவான் தாயி. வெளிய விட மாட்டான். பசிக்கும். கொண்டு போ.”

“ஆவுடையப்பன்,” என்றார் தாமோதரன்.

“என்னய்யா? ஒரு சோறு போதும்னு சொன்னவன் நான். இந்தப் பொட்டலத்தையாச்சும் முழுசாக் கொடுக்கறேன்.”

சங்கவி கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றினாள். அட்டையில் இருந்தவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஃபிளக்ஸில் இருந்த அதே படம். நஸ்ரின் எடுத்தது, “பல்லைக் காட்டுடி, அரசாங்கம் பாக்கட்டும்” என்று சொல்லி எடுத்தது. அதை மேசைமேல் கவிழ்த்து வைத்தாள். பொட்டலத்தை எடுத்துக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பழகியவள்தான், ஆனால் இனிமேல் கிடைக்கிறதை வாங்கிப் பழக வேண்டும்.

கதவருகே போய்க் கறுப்புப் பலகையில் உள்ளங்கையை வைத்தாள். பலகை குளிர்ந்திருந்தது.

“பணி விலகல்,” என்றார் பெரியவர். “உறுதிதானா?”

“ஆமா.”

“காரணம்?”

“உங்களுக்குத்தான் காரணம் கணக்குல இல்லையே.”

பூட்டுக்குள் ஏதோ நகர்ந்தது. கதவு ஒரு சாண் திறந்து நின்றது. வெளியே படிக்கட்டின் புழுக்கம் முகத்தில் அடித்தது. பின்னால் திரையில் நிறம் மாறுகிறதா என்று அவள் திரும்பிப் பார்க்கவில்லை. தாமோதரன்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்துக்கொண்டே கேட்டார்:

“வீட்டுல போய் என்னம்மா சொல்லப் போற?”

“தண்ணி வரும், குடத்தைக் கழுவி வைன்னு சொல்லுவேன்,” என்றாள் சங்கவி, படியில் இறங்கிக்கொண்டே.